அப்பாவின் குதிகால்

சின்ன வயதில், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் வேலை. அருமனைப் பக்கம் சரிவான தோட்டம் ஒன்றில் அவர் ரப்பர் பால் வெட்டினார். அதிகாலை நான்கு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், மரமெல்லாம் வெட்டி, சிரட்டையில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, சரிவில் ஏறி இறங்கி, பத்து மணிக்குத்தான் வீடு வந்து சேர்வார்.

அவருடைய குதிகாலுக்கு மேலே, கெண்டைக்கால் வரை ஓடும் அந்தத் தடித்த நரம்பு எனக்கு இன்னும் விரலில் நிற்கிறது. நரம்பு என்றுதான் ஊரில் சொல்வோம், டாக்டர்கள் தசைநாண் என்பார்கள். அது என் கட்டைவிரலைவிடத் தடிமனாக இருக்கும். எண்ணெய்க் கையால் மேலிருந்து கீழே வழித்தால் உள்ளே மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். அழுத்தினால் வலிக்காது. கைவிரல் முட்டிகளிலும் கொட்டைப்பாக்கு அளவில் கெட்டியான உருண்டைகள் இருந்தன. "கத்தி பிடிச்சுப் பிடிச்சுக் காய்ச்சுப் போச்சு மக்களே" என்பார். உழைக்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

1996இல், தன் 43ஆவது வயதில், பால் வாளியோடு சரிவில் ஏறும்போது அப்பா விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு மாதம் பாதி ஏற்றத்தில் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார் என்று கூட வேலை பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். தாடை வலிக்கிறது, வாயுவாக இருக்கும் என்று பெருங்காயம் போட்டு மோர் குடித்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது. பெரியப்பா 46 வயதில் போனார். தாத்தாவும் ஐம்பதைத் தாண்டவில்லை. "இந்தக் குடும்பத்து ஆம்பிளைகளுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று சாவு வீட்டில் யாரோ சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி இருபத்தைந்து வருடம் சும்மா இருந்துவிட்டோம். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

எனக்கு இப்போது 42 வயது. முந்திரி ஆலை ஒன்றில், எங்கள் ஊர்ப் பேச்சில் அண்டியாபீஸில், கணக்கு எழுதுகிறேன். நான்கு வருடம் முன்பு வரை எடை 51 கிலோ, சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் மேட்டில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. தைராய்டாக இருக்கும் என்று நினைத்து ரத்தம் கொடுத்தேன். தைராய்டு சரியாக இருந்தது. கூடவே பார்த்த கொழுப்புப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 341, அதில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 269, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு 98, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 52 என்று வந்தது.

முதலில் பார்த்த டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மெலிந்த உடம்புதானே, தேங்காயும் எண்ணெயும் குறைத்தால் போதும் என்று அனுப்பினார். மூன்று மாதம் நான் இருந்த பத்தியம் கொஞ்சமில்லை. தேங்காய் அரைக்காத மீன்குழம்பு, தாளிக்காத பயறு, ஏத்தங்காய் சிப்ஸ் பக்கமே திரும்பவில்லை. வெறும் வயிற்றில் பூண்டு, ராத்திரி மருதம்பட்டைக் கஷாயம். மறுபடி பார்த்தபோது எல்டிஎல் 241. பத்து சதவீதம்தான் இறங்கியிருந்தது. நான் ஏதோ திருட்டுத்தனமாகத் தின்கிறேனோ என்பதுபோல வீட்டில் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் ரிப்போர்ட்டைவிட வலித்தது.

அப்புறம் திருவனந்தபுரத்தில் ஒரு இதய டாக்டரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "உங்க அப்பா எப்படி இறந்தார்?" சொன்னேன். "செருப்பைக் கழற்றி, காலைக் காட்டுங்க" என்றார். குனிந்து என் குதிகால் நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அவர் விரல் மேலும் கீழும் நகரும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதே மேடு பள்ளம். அப்பாவுடையது போல அவ்வளவு இல்லை, ஆனால் அதுவேதான். கத்தி பிடிக்காத எனக்கு அது எங்கிருந்து வந்தது? பிடித்த இடத்திலிருந்து கையை எடுக்காமலே அவர் சொன்னார்: "இது கொலஸ்ட்ரால். நரம்பில் படிஞ்சிருக்கு. உங்க அப்பாகிட்டேருந்து வந்தது."

குடும்பவழி உயர் கொலஸ்ட்ரால் என்று இதற்குப் பெயர். கல்லீரலின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு. அதற்கான மரபணு நமக்கு இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அதில் ஒன்று பழுதானால் ஏற்பிகளில் ஏறக்குறைய பாதிதான் ஒழுங்காக வேலை செய்யும். சாதாரணமாக இரண்டு மூன்று நாளில் ரத்தத்தை விட்டுப் போக வேண்டிய எல்டிஎல், நான்கைந்து நாள் சுற்றிக்கொண்டே இருக்கும். நாம் தின்றதால் ஏறுவதைவிட, வெளியேறாததால் தேங்குவதுதான் அதிகம். பிறந்த நாளிலிருந்தே இப்படி. அதனால் எனக்கு 38 வயதில் கண்டுபிடித்தார்கள் என்றால், என் ரத்தக்குழாய்கள் 38 வருடமாக அதில் ஊறியிருக்கின்றன என்று பொருள்.

இந்தப் பழுது அபூர்வமானதும் இல்லை. உலகத்தில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 18.7 லட்சம். உலகக் கணக்கு இங்கேயும் பொருந்தினால் ஏழாயிரம் பேருக்கு மேல் இருக்க வேண்டும். மருந்து எடுக்காத ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 50 வயதுக்குள்ளும், பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு 60 வயதுக்குள்ளும் இதயநோய் வந்துவிடும் என்பது பழைய கணக்கு. எங்கள் வீட்டு ஆயுசுக் கணக்கு இதுதான்.

மேட்டில் மூச்சு வாங்குவதற்காக எனக்கு சிடி ஆஞ்சியோகிராம் என்ற இதய ரத்தக்குழாய்ப் படம் எடுத்தார்கள். ஒரு குழாயில் நாற்பது சதவீதம் அளவுக்குச் சுருக்கம் இருந்தது. "நாற்பதுதானே, மீதி அறுபது திறந்துதானே இருக்கு, எனக்கு எதுக்கு மூச்சு வாங்கணும்?" என்று கேட்டேன். அதற்கு அந்த டாக்டர் கால் மணி நேரம் செலவழித்துப் பதில் சொன்னார். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

நான் அதுவரை ரத்தக்குழாயை எங்கள் மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரி நினைத்திருந்தேன். கான்கிரீட் தொட்டி, அதன் வழியே தண்ணீர், அடியில் சேறு படிந்தால் வாரிவிட வேண்டியதுதான். ரத்தக்குழாய் அப்படி இல்லை. அதன் உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு விரிப்பு இருக்கிறது. ரத்தம் வேகமாக உரசிப் போகும்போது அந்த விரிப்பு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கும். அது பட்டதும் குழாயின் தசை தளர்ந்து, குழாய் விரிந்து கொடுக்கும். இதைக் கண்டுபிடித்ததற்கு 1998இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை தருவதும் இதே வாயுவைத்தான். சித்தப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் அந்த மாத்திரை அட்டை இருக்கும். அது என்ன செய்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எல்டிஎல் அதிகமானால் அது இந்த விரிப்பைக் கடந்து சுவருக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. அங்கே ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போகிறது. அதைத் தின்ன வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. கெட்டுப்போன எல்டிஎல் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் தொந்தரவு செய்கிறது. ஆற்றல் உண்டாக்கும் அந்த இடத்திலிருந்து முரட்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள் கசிந்து, சுரக்கிற கொஞ்சநஞ்ச நைட்ரிக் ஆக்சைடையும் தின்றுவிடுகின்றன. அடைப்பு பெரிதாவதற்கு எத்தனையோ வருடம் முன்பே குழாய் விரிந்துகொடுப்பதை மறந்துவிடுகிறது. இந்தப் பழுதுள்ள குழந்தைகளிடமே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ரப்பர் வீட்டுப் பிள்ளையாக நான் கேட்டேன், "சிரட்டையில ஒட்டுப்பால் பிடிக்கிற மாதிரியா டாக்டர்?" இல்லை என்றார். ஒட்டுப்பால், அதாவது காய்ந்துபோன ரப்பர் பால், சிரட்டையின் மேல் ஒட்டுகிறது, உரித்து எடுத்துவிடலாம். இது பட்டைக்கு உள்ளே சேர்கிறது. மேலே விரிப்பு மூடியே இருக்கும். ஒருநாள் அந்த மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்பாவுக்கு அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

அவர் சொன்னதில் என் மனதில் ஆழமாக இறங்கியது இன்னொன்று. இதயத் தசை ஒரு நொடி ஓய முடியாது. கொழுப்பு அமிலங்களைத்தான் அது முக்கியமாக எரிக்கிறது, அதற்கு ஆக்சிஜன் இடைவிடாமல் வேண்டும். கால் தசை சும்மா இருக்கும்போது ரத்தத்திலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன்தான் எடுக்கும், ஓடும்போது கூடுதலாக எடுத்துக்கொள்ளும். இதயமோ நாம் உட்கார்ந்திருக்கும்போதே தன்னிடம் வரும் ஆக்சிஜனில் எழுபது சதவீதம் போல எடுத்துவிடுகிறது. மேடு ஏறும்போது கூடுதல் வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழிதான் உண்டு, ரத்தம் கூடுதலாக வர வேண்டும். அதற்குக் குழாய் விரிய வேண்டும். விரியாத குழாய், சமதரையில் நடக்கும்போது காட்டிக்கொடுக்காது. ஏற்றத்தில் காட்டிக்கொடுக்கும். பாதி ஏற்றத்தில் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்த அப்பாவை நான் அந்த அறையில் பார்த்தேன். அது வாயு இல்லை. உடம்பு சொன்ன செய்தி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொலஸ்ட்ரால் கூடினால் பெரும்பாலும் நமக்குத் தெரிகிற அறிகுறி எதுவும் இருக்காது. களைப்பாக இருக்கும் எல்லாருக்கும் இது இருக்கும் என்றோ, களைப்பு இல்லாவிட்டால் இது இல்லை என்றோ நினைத்துவிடாதீர்கள். என் தம்பிக்கு 37 வயது, சவூதியில் வண்டி ஓட்டுகிறான். ஒரு குறையும் இல்லாத ஆள், எல்டிஎல் 281.

"நல்லா நட, கொழுப்பெல்லாம் எரிஞ்சு போயிடும்" என்று எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. அன்போடுதான் சொன்னார்கள், ஆனால் கொலஸ்ட்ரால் எரியாது. ட்ரைகிளிசரைடு எரிபொருள், உடம்பு அதை எரித்து ஆற்றல் எடுக்கும். கொலஸ்ட்ராலின் வளையங்களை உடைக்கும் வழி மனித உடம்பில் இல்லை. கல்லீரல் அதைப் பித்தநீராக்கிக் குடல் வழியே வெளியே அனுப்பினால்தான் உண்டு. தினமும் சரிவில் ஏறி இறங்கிய அப்பாவை அந்த உழைப்பு காப்பாற்றாமல் போனதன் காரணம் இதுதான். அப்படியானால் நடை வீணா? இல்லை. நடக்கும்போது ரத்தம் வேகமாக உரசுவதால் உள்விரிப்பு நைட்ரிக் ஆக்சைடு சுரக்கப் பழகுகிறது, தசையில் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது, சர்க்கரை கட்டுக்குள் நிற்கிறது. எல்டிஎல்லை மாத்திரை பார்த்துக்கொள்ளட்டும், குழாயை நடை பார்த்துக்கொள்ளட்டும் என்று டாக்டர் பிரித்துக் கொடுத்தார். டாக்டர் பரிசோதித்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் நடக்க ஆரம்பித்தேன். தினமும் முக்கால் மணி நேரம் சானல்கரையில், அதாவது கால்வாய்க் கரையில், நடக்கிறேன்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் வகை மாத்திரையை 20 மில்லிகிராமில் தொடங்கினார்கள். ஆறு வாரத்தில் எல்டிஎல் 138 ஆனது. மூன்று மாதப் பத்தியத்தில் 28 இறங்கியதற்கு அத்தனை அழுதவள் நான். எசெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரை சேர்த்ததும் 106. ஸ்டாட்டினை 40 ஆக்கியதும் 97. இரட்டிப்பாக்கினால் பாதியாகும் என்று நினைத்தேன், அப்படி இல்லை, அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக ஆறு சதவீதம் போலத்தான் இறங்கும். அதனால்தான் வேறு வழியில் வேலை செய்யும் மருந்தைச் சேர்க்கிறார்கள். குழாயில் சுருக்கம் இருப்பதால் எனக்கு 70க்குக் கீழே வர வேண்டும். இப்போது பெம்பிடோயிக் அமிலம் என்ற மூன்றாவது மாத்திரையோடு 78இல் நிற்கிறேன். ஊசி மருந்துகளும் இருக்கின்றன, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவதுகூட உண்டு. அதன் விலை இன்னும் எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை.

தொடங்கிய இரண்டாவது மாதம் தொடை வலித்தது. பக்கத்து வீட்டு மைனி சொன்னதைக் கேட்டு பத்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டேன். அது தப்பு. டாக்டரிடம் சொன்னபோது தசை நொதியைப் பார்க்க ரத்தம் எடுத்தார், சரியாக இருந்தது. மறுபடி தொடங்கிய பிறகு அந்த வலி வரவே இல்லை. வலி பொய் என்று சொல்லவில்லை, சிலருக்கு உண்மையிலேயே வரும். அப்படி வந்தால் மருந்தை மாற்றித் தர வழி இருக்கிறது, நாமாக நிறுத்தக் கூடாது. ஸ்டாட்டின் சிலருக்குச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை அதையும் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளை பெறும் எண்ணம் இருக்கும் பெண்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கர்ப்ப காலத்தில் பொதுவாக இந்த மாத்திரையை நிறுத்திவைப்பார்கள்.

சாப்பாட்டில் நான் இப்போது பைத்தியம் பிடித்தவள் மாதிரி இல்லை. சாளையும் அயலையும் குழம்பாக வாரம் மூன்று நாள். அது ட்ரைகிளிசரைடுக்கு நல்லது, எல்டிஎல்லை இறக்காது என்பது தெரிந்தே சாப்பிடுகிறேன். தேங்காய் எண்ணெயைப் பற்றி நம் ஊரில் பேசினால் சண்டை வரும். அதில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு, அது எல்டிஎல்லை ஏற்றும். என்னைப் போலப் பழுதுள்ளவர்களுக்கு அது தாளிக்க ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். முந்திரியில் கொலஸ்ட்ரால் கிடையாது, கைப்பிடி தின்னலாம், நெய்யில் வறுக்காமல். தூளைப் போட்டுக் கொதிக்கவைக்கும் கருப்பட்டிக் காப்பியும் எல்டிஎல்லைக் கொஞ்சம் ஏற்றும் என்று தெரிந்ததும் ஒரு வேளையாகக் குறைத்தேன். அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

என் பிள்ளைகளுக்குப் பார்த்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எல்டிஎல் மகனுக்கு 92, மகளுக்கு 214. அவளுக்கு அப்போது பதினொரு வயது. இத்தனை சின்னப் பிள்ளைக்கு மாத்திரையா என்று அம்மா அழுதார்கள், நானும்தான். நெதர்லாந்தில் சிறுவயதிலேயே மருந்து தொடங்கிய பிள்ளைகளை இருபது வருடம் தொடர்ந்து பார்த்து 2019இல் எழுதியிருந்ததை டாக்டர் சொன்னார். 39 வயதுக்குள் இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்பு வந்தது அந்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவருக்கு. அதே பழுதுள்ள அவர்களுடைய பெற்றோரில் அந்த வயதுக்குள் நூற்றுக்கு 26 பேருக்கு. அதைக் கேட்ட பிறகு நான் தயங்கவில்லை. குறைந்த அளவில் தொடங்கினோம். வளர்ச்சி, கல்லீரல் எல்லாம் சீராகப் பார்க்கிறார்கள். இப்போது அவளுக்கு எல்டிஎல் 118.

இந்த நோய் வந்த குழந்தைகளை வைத்துத்தான் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் அந்த ஏற்பியையே கண்டுபிடித்தார்கள், 1985இல் நோபல் வாங்கினார்கள். ஜப்பானில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தது 1970களில். அப்பா இறந்த 1996இல் இந்தவகை மருந்து உலகத்தில் இருந்தது. அதை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

கடைசியாக, சொந்தத்துக்குள் கல்யாணம். அப்பாவும் அம்மாவும் இரண்டு பேரும் இந்தப் பழுதோடு இருந்தால் நான்கில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாகலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு எல்டிஎல் ஐந்நூறைக்கூடத் தாண்டலாம், இருபது வயதுக்குள்ளேயே இதயம் பாதிக்கப்படலாம். அத்தை தன் மகனுக்குச் சித்தப்பா மகளைக் கேட்டபோது, இரண்டு பேரும் ரத்தம் பார்த்த பிறகு பேசுவோம் என்றேன். அத்தை மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவர்களே மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவனுக்கு 236, அந்தப் பெண்ணுக்கு 255. கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. இப்போது இரண்டு பேரும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அத்தை தன் காலையும் காட்டினார்கள். குதிகால் நரம்பு, அப்பாவுடையது மாதிரியே.

யாருக்காவது எல்டிஎல் 190க்கு மேல் இருந்தாலோ, வீட்டில் ஆண்கள் 55க்குள்ளும் பெண்கள் 65க்குள்ளும் மாரடைப்பில் போயிருந்தாலோ, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறை கொழுப்புப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதில் எல்டிஎல்லைத் தனியாகப் பாருங்கள். லிப்போபுரோட்டீன் (ஏ) என்று எல்டிஎல் போலவே இன்னொரு கொழுப்புத் துகள் இருக்கிறது, அதுவும் பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். போகும்போது யார் யார் எத்தனை வயதில் இறந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு டாக்டர் கிடைத்தார்.

அப்பாவின் பால் கணக்கு நோட்டை அம்மா பத்திரமாக வைத்திருந்தார்கள். கடைசிப் பதினைந்து பக்கம் எழுதாமல் கிடந்தது. அதில்தான் எங்கள் குடும்பத்து எண்களை எழுதிவருகிறேன். பதினான்கு பெயர். பதினொரு பேருக்குப் பார்த்தாகிவிட்டது, ஆறு பேருக்கு இருக்கிறது. மீதி மூன்றும் பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள், மூத்தவனுக்கு ஒன்பது வயது. ஓணம் லீவுக்கு வருவதாக அவர்களுடைய அம்மா, என் மைனி, நேற்று போனில் சொன்னாள். நாகர்கோவில் லேபில் மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்லிவைத்திருக்கிறேன்.